கலப்பு நிலைய எப்படி தயாரிச்சாங்கன்னு கண்டுபிடிக்கப் பாக்குறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

கலப்பு நிலைன்னா, எந்த குவாண்டம் நிலைல அனுப்புனாங்கன்னு தெரியாம, எதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு மட்டும் தெரிஞ்ச கலவை. ரெண்டு பெட்டி இருக்குன்னு வெச்சுக்கோங்க. முதல் பெட்டில ஒவ்வொரு போட்டானுக்கும் (ஒளித்துகளுக்கும்) பூவா தலையா போட்டுப் பாத்து, படுக்கையாவோ செங்குத்தாவோ போலரைஸ் பண்ணி, அதாவது அதிர்ற திசைய அப்படி அமைச்சு, அனுப்புறாங்க. ரெண்டாவதுலயும் அதே பூவா தலையாதான், ஆனா 45 டிகிரி வலப்பக்கம் இல்லன்னா இடப்பக்கம். "செஞ்ச விதமே வேறயாச்சே, நல்ல கருவி இருந்தா தெரிஞ்சிடும்"னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. போலரைசர (ஒரு திசைல அதிர்ற ஒளிய மட்டும் விடுற வடிகட்டிய) எந்தக் கோணத்துல வேணா திருப்புங்க, முதல் பெட்டில பாதிக்கு கடக்குற வாய்ப்பு காஸ் ஸ்கொயர், மீதிக்கு சைன் ஸ்கொயர், சராசரி எடுத்தா எப்பவும் அரைதான், ரெண்டாவது பெட்டிக்கும் அதே அரை. டென்சிட்டி மேட்ரிக்ஸ் (எந்த அளவீட்டுக்கும் வாய்ப்பு எவ்வளவுன்னு கணக்கு போட உதவுற எண் அட்டவணை) ஒண்ணா இருந்தா எந்த அளவீடும் பிரிச்சுக் காட்டாது.

இதையே சூப்பர்பொசிஷனோட (ஒரே போட்டான் படுக்கையும் செங்குத்தும் சேந்த ஒரே திட்டவட்டமான நிலைல இருக்குறதோட) போட்டுக் குழப்பிக்காதீங்க. 45 டிகிரி சூப்பர்பொசிஷன் 45 டிகிரி போலரைசர்ல முழுசா கடந்துடும், கலப்பு பாதிதான் கடக்கும்.

அடுத்தது நிறைய பேர் கவனிக்காத தப்பு, எனக்கு ரொம்ப முக்கியமா படுறதும் இதான். பூவா தலையா போடாம, "சரி பாதி"ன்னு சொல்லி 100 போட்டான்ல கரெக்டா 50 படுக்கை 50 செங்குத்துன்னு எண்ணி வெச்சு கலைச்சு அனுப்புனா கதையே மாறிடும். இன்னொரு பெட்டிலயும் அதே மாதிரி 45 டிகிரில 50, 50. இப்ப படுக்கை போலரைசர்ல ஒண்ணுகூட தொலையாம எண்ணுனா முதல் பெட்டில ஒவ்வொரு தடவையும் அச்சு அசலா 50 வரும், ரெண்டாவதுல 47, 53, 44ன்னு ஆடும், சரியா 50 வர்றது 100 தடவைல 8 தடவை மாதிரிதான். தனித்தனியா பாத்தா ஒவ்வொரு போட்டானும் அதே கலப்புதான், ஆனா 100ம் சேந்து ஒண்ணுக்கொண்ணு தொடர்போட இருக்கு, அதனால மொத்த நிலை வேற. கணக்கு போடும்போது எந்த மாதிரி "பாதி"ன்னு முதல்ல கேளுங்க.

மேட்ரிக்ஸ டயகனலைஸ் பண்ணி, அதாவது ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரி விலகின ரெண்டு நிலையோட கலவையா பிரிச்சு, வர்றதுதான் நிஜமான கலவைன்னும் நம்பிடாதீங்க. படுக்கையும் 45 டிகிரியும் பாதிப் பாதி கலந்தா, கணக்கு 22.5 டிகிரில 85%, அதுலருந்து 90 டிகிரி தள்ளி 15%ன்னு காட்டும், அப்படி யாருமே தயாரிக்கல.

பின்னிப்பிணைஞ்ச ஜோடில (அளவீட்டு முடிவுகள் ஒண்ணோட ஒண்ணு தொடர்பா இருக்குற ரெண்டு போட்டான், ஆளுக்கு ஒண்ணு) ஒருத்தர் எந்தக் கோணத்துல அளந்தார்னு இன்னொருத்தர் கண்டுபிடிக்கலாம்னு சொல்றதும் இதே தப்புதான், அது முடிஞ்சா ஒளிய விட வேகமா சேதி அனுப்பிடலாமே. இயற்பியலாளர் நிக் ஹெர்பர்ட் போட்டான லேசர்ல காப்பி எடுத்து அதைச் செய்யலாம்னார், ஊட்டர்ஸும் ஸூரெக்கும், தனியா டீக்ஸும், தெரியாத குவாண்டம் நிலைய காப்பியே எடுக்க முடியாதுன்னு 1982லயே காட்டிட்டாங்க.