தெர்மிக் ஆயில் ரிலீஃப் வால்வு: விரிவுக் கெழுவை எங்கிருந்து எடுப்பது?

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள் பெரும்பாலும் நீராவியை நம்பியிருக்க, 250 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டிய ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்கூடங்கள் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரை, அதாவது நீராவிக்குப் பதில் சூடான எண்ணெயைச் சுற்றவிட்டு வெப்பம் தரும் கருவியை, நாடுகின்றன. உயர் அழுத்தம் இல்லாமலே அவ்வளவு சூடு கிடைப்பது இதன் வசதி. ஆனால் இருபுறமும் வால்வு மூடப்பட்ட ஒரு சுருளுக்குள் எண்ணெய் சிக்கிச் சூடேறினால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 10 பார் வரைகூட அழுத்தம் உயரலாம். அப்போது தானாகத் திறந்து எண்ணெயை வெளியேற்றும் ரிலீஃப் வால்வின் அளவைக் கணக்கிட, எண்ணெயின் பரும விரிவுக் கெழு (ஒரு டிகிரி சூடேறினால் பருமன் எவ்வளவு பங்கு கூடுகிறது என்ற எண்) தேவைப்படுகிறது.

அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) 521ஆம் தரநூல் கனமான எண்ணெய்களுக்கு டிகிரி செல்சியஸுக்கு 0.00072 என்ற பொது மதிப்பைத் தருகிறது. பலரும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். அது சாதாரண வெப்பநிலைக்கு உரியது. சூடான எண்ணெய்க்குப் பொருந்தாது. எண்ணெய் நிறுவனத்தின் டேட்டா ஷீட்டில் கெழு அச்சிடப்பட்டிருந்தாலும், அது எந்த வெப்பநிலைக்கு உரியது, செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று பார்க்க வேண்டும். ஃபாரன்ஹீட் மதிப்பை 1.8ஆல் பெருக்கினால்தான் செல்சியஸ் மதிப்பு வரும்.

இவற்றைவிட நம்பகமான வழி, வெப்பநிலைவாரியான அடர்த்தி அட்டவணையை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, கெழுவை நாமே கணக்கிடுவது. இயங்கு வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே ஓர் அடர்த்தியும் சற்று மேலே ஓர் அடர்த்தியும் எடுத்து, முதலாவதின் வர்க்கத்திலிருந்து இரண்டாவதின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். வந்த விடையை, இரு அடர்த்திகளின் பெருக்கல், வெப்பநிலை வேறுபாடு, 2 ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுத்தால் கெழு கிடைத்துவிடும்.

கணக்குப் பழகுவதற்காக ஒரு கனிம எண்ணெயின் அடர்த்தி 240 டிகிரியில் கன மீட்டருக்கு 730 கிலோ, 260 டிகிரியில் 717 கிலோ என்று கொள்வோம். கெழு ஏறக்குறைய 0.0009 என வரும். அதே எண்ணெய் 30 டிகிரியில் 865 கிலோ அடர்த்தியோடு இருந்தால், அங்கே கெழு 0.00075 அளவிலேயே நிற்கும்.

இனி வால்வு வெளியேற்ற வேண்டிய அளவு. விரிவுக் கெழுவை வாட்டில் கூறப்படும் வெப்ப உள்ளீட்டால் பெருக்கி, அடர்த்தி, தன்வெப்பம் (ஒரு கிலோ எண்ணெயை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம்) இரண்டின் பெருக்கலால் வகுத்தால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். 250 டிகிரியில் தன்வெப்பம் கிலோவுக்கு டிகிரிக்கு 2,700 ஜூல், உள்ளே பாயும் வெப்பம் 100 கிலோவாட் என்றால், மணிக்கு 166 லிட்டர் வெளியேற வேண்டும்.

பெரும்பாலான பிழைகள் நேர்வது இந்த இடத்தில்தான். சூடு ஏற ஏறக் கெழுவும் கூடுகிறது, தன்வெப்பமும் கூடுகிறது. ஆகவே கெழு, அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் ஒரே வெப்பநிலையில் எடுத்தால், 30 டிகிரிக்குரிய கணக்கும் (அங்கே தன்வெப்பம் சுமார் 1,900 ஜூல்) மணிக்கு 164 லிட்டர் அளவில் வந்து நிற்கிறது. கெழுவையும் அடர்த்தியையும் 30 டிகிரிக்கும், தன்வெப்பத்தை 250 டிகிரிக்கும் எடுத்துக் கலந்துவிட்டால், விடை 116 லிட்டருக்குச் சரிந்து, வால்வு தேவையைவிடச் சிறியதாகிவிடும். எனக்கு, கெழுவின் நான்காம் தசம இடத்தைவிட இந்தக் கலப்படமே கவலை தருகிறது.

சூட்டில் விரியும் எண்ணெய்க்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்குக்கு இந்தக் கெழுவைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே குளிர்ந்த அடர்த்தியைச் சூடான அடர்த்தியால் வகுத்தால் போதும்: 865ஐ 717ஆல் வகுக்க 1.206 வரும், அதாவது 1,000 லிட்டர் எண்ணெய் 1,206 லிட்டராகும்.

இந்தச் சூத்திரம் எண்ணெய் திரவமாகவே இருக்கும் வரைதான் செல்லும். உச்ச வெப்பநிலையில் எண்ணெயின் ஆவியழுத்தம் வால்வு திறக்கும் அழுத்தத்தைத் தாண்டுமானால், ஆவி வெளியேற்றத்துக்கான தனிக் கணக்கைப் போட வேண்டும். புதிதாக நிரப்பிய எண்ணெயில் ஈரம் இருந்தாலும் இதே நிலைதான். 100 டிகிரியைக் கடக்கும்போது அது நீராவியாகச் சீறும்.

பெரும்பாலான சுற்றுகளில் கணக்கு எவ்வளவு சிறிய அளவைக் காட்டினாலும் முக்கால் அங்குல நுழைவும் ஓர் அங்குல வெளியேற்றமும் கொண்ட வால்வே பொருத்தப்படுகிறது. அதன் வெளியேற்றக் குழாயைத் தரையில் விடாமல், வெளியேறும் எண்ணெயைச் சேர்க்கும் டம்ப் டேங்க்குக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் அதிலிருந்து வருவது 250 டிகிரி எண்ணெய்.