நானூறு வால்வுகளும் ஒரே காரணியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனை லாரிகள் ஓயாது கடந்து செல்லும் சாலையோர வீட்டில் அமர்ந்து, திரங்கானுக் கரையில் உள்ள ஓர் எரிவாயு நிலையத்தின் மீத்தேன் கசிவுக் கணக்கைச் சரிபார்த்தபோது, 400 வால்வுகளின் மொத்த நிச்சயமின்மை வெறும் 2.5 விழுக்காடு என வந்தது. அது மனத்தை உறுத்தியது. ஒவ்வொரு வால்வுக்கும் நிச்சயமின்மை 50 விழுக்காடு எனக் கொண்டு, பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்திருந்தேன். பிழைகள் ஒன்றையொன்று சாராதபோதுதான் அம்முறை பொருந்தும். நானோ, ஒரு வால்வு சராசரியாக எவ்வளவு கசியும் எனச் சொல்லும் உமிழ்வுக் காரணி ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியிருந்தேன். அது பிசகினால் நானூறும் ஒரே பக்கம் சாயும். ஆகவே, எண்களைத் தற்போக்காகத் தேர்ந்து கணக்கைப் பல சுற்றுகள் ஓட்டிப் பார்க்கும் மான்டி கார்லோ கணிப்பில் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் காரணியைத் தேர்ந்து, அதையே 400 வால்வுகளுக்கும் இட்டேன். விடை 50 விழுக்காட்டை ஒட்டி வந்தது. பழைய தாளில் 2.5-ஐச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, காரணி எந்த அளவீட்டிலிருந்து வந்தது என்பதைப் பக்கத்தில் எழுதிவைத்தேன்.