மறுகாமை: இல்லாத சொல்லொன்றைச் செய்வது எப்படி?

மட்டக்களப்பில் 'மறுகா' என்றால் பிறகு. "மறுகா வாறன்" என்று போனவர் அன்றைக்கே வருவார் என்று இங்கே யாரும் காத்திருப்பதில்லை. அந்தச் சொல்லோடு விளையாடப் போய் நான் செய்த சொல்தான் தலைப்பில் இருப்பது. செய்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு சீஆர் கொப்பியும் பேனையும் போதும்.

இதெல்லாம் கலையா என்று கேட்பீர்கள். 1965 இல் ஜோசப் கொசுத் என்ற அமெரிக்கக் கலைஞர் ஒரு கதிரை, அந்தக் கதிரையின் புகைப்படம், கதிரை என்ற சொல்லுக்கு அகராதி தரும் விளக்கம் மூன்றையும் அருகருகே வைத்து ஒரு படைப்பு என்றார். பொருளைவிடக் கருத்தே முக்கியம் என்னும் கருத்துக்கலையில் பேர்போன படைப்பு அது. நாம் கதிரையையும் படத்தையும் விட்டுவிட்டு விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். செலவும் மிச்சம்.

படி 1: பெயரில்லாததைப் பிடியுங்கள்

சொல்லிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் பொருள் வேண்டும். கரண்ட் போன பிறகும் மின்விசிறி சுற்றும் கடைசி நாலு சுற்று. மட்டக்களப்பு வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலத்தில் பாடும் மீனுக்காகக் காதைத் தீட்டி நின்று, ஒன்றும் கேட்காமலே "ஓம், கேட்குது" என்று தலையாட்டுவது. குழல் பிட்டு உடையாமல் முழுசாக விழும்போது வரும் அந்தச் சின்னப் பெருமிதம். கிழமைக்குப் பத்து எழுதினால் ஒன்றிரண்டு தேறும். எனக்குத் தேறியது, வேலையைத் தள்ளிப்போட்டும் மனம் துளியும் பதறாமல் இருக்கும் நிலை.

படி 2: வேரை வீட்டுப் பேச்சில் தேடுங்கள்

'மறுகா'வோடு 'மை' சேர்த்தேன். பொறுமை, வறுமை போல மறுகாமை. எழுதிப் பார்த்த பிறகுதான் கண்டேன், மறுகுதல் என்றால் மனம் கலங்குதல்; மறுகாமை என்றால் கலங்காமை! இரண்டு பொருளும் ஒரே பாயில் வந்து உட்கார்ந்துவிட்டன. இது அதிர்ஷ்டம், எப்போதும் வாய்க்காது. மின்விசிறிக்குச் சாதாரணமாக ஒட்டித்தான் செய்தேன்: விசிறு, உயிர், விசிறுயிர்.

தமிழ்ச் சொல் ட, ர, ல எழுத்துகளில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. விளையாட்டுதானே என்று இதை மீறாதீர்கள். "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்று ஆட்கள் நெற்றியைச் சுருக்குவதில்தான் பாதிச் சுகம்.

படி 3: சோதியுங்கள்

மறுகாமையை, மறுகாமைக்கு, மறுகாமையால். நாக்கு இடறினால் தூக்கிப் போடுங்கள். அப்புறம் அகராதி. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு 'அலைவாய்' என்று பெயர் வைத்து இரண்டு நாள் மிதப்பில் திரிந்தேன். பழந்தமிழ்ப் பாட்டிலேயே திருச்செந்தூருக்கு அந்தப் பெயர் இருக்கிறது.

படி 4: விளக்கம் எழுதுங்கள்

படைப்பே இதுதான், அதனால் நேரம் எடுங்கள். சிரிப்புக் காட்டக் கூடாது. அகராதிக்காரரின் முகத்தோடு எழுத வேண்டும்.

மறுகாமை, பெயர்ச்சொல். பிறகு செய்யலாம் என்று ஒன்றை ஒத்திவைத்து, அதுபற்றிக் கலங்காதிருத்தல். "கூரை ஒழுகியும் அவர் மறுகாமையில் இருந்தார்."

காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் கலைச்சொல்லாக்கக் குழுவுக்கே தலைமை தாங்கியவர். அவர் பார்த்த வேலை பாடப் புத்தகத்துக்கு. நம்முடைய சொல் யாருக்கும் பயன்படத் தேவையில்லை என்பதால் நமக்குச் சுதந்திரம் கூட. சூடு மிதித்து நெல் பிரிக்கும் களத்தில் நெல்லை நெல் என்னாமல் 'பொலி' என்று சொன்ன வட்டைக்காரர்களை, அதாவது வயல்காரர்களைத்தான் நான் நமக்கு நெருக்கமாக நினைக்கிறேன்.

படி 5: அவிழ்த்து விடுங்கள்

பிறிஸ்டல் மட்டையில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினேன். புதுச்சொல் என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டா: "சட்டியெல்லாம் கழுவாமக் கிடக்கு. மறுகாமை கூடிப்போச்சு மகள் உனக்கு."