“ஏன்?” என்று கேட்டால் ஒரே வரியில் முடிப்பது எப்படி

2019-ல் 58 வயதில் ரிட்டையர் ஆனேன், அடுத்த வருஷமே வீட்டுக்காரர் தவறிவிட்டார். மகன் பெங்களூரில், நான் கும்பகோணத்தில் தனியாக. எந்த விசேஷத்துக்குப் போனாலும் “ஏன் பையனோட போய் இருக்கக்கூடாது?” என்பார்கள். பெங்களூர் குளிர் மூட்டுக்கு ஆகாது என்று ஆரம்பித்து, மருமகள் தங்கமான பெண், அவளால் ஒன்றுமில்லை என்று முடிப்பேன். மருமகளைப் பற்றி யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அதையே அசைபோடுவேன்.

இதிலிருந்து வெளியே வர எனக்கு உதவியதைச் சொல்கிறேன்.

கேள்வி எப்படியும் வரும், அதனால் ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். அதில் காரணமே இருக்கக்கூடாது. “இங்கேயே இருக்கணும்னு தோணுது, இருக்கேன்” என்பது என்னுடையது. குளிர் என்று சொன்னால் ஹீட்டர் வாங்கிக்கொள் என்பார்கள், கோயில் குளம் என்றால் அங்கேயும் கோயில் இருக்கிறதே என்பார்கள். தோணுது என்பதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

சொன்ன பிறகு வரும் மௌனம்தான் கஷ்டம். போன தை மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் நாத்தனார் முறை உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். என் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, ரசத்துக்காகச் சோற்றில் குழி பண்ணிக்கொண்டிருந்தேன். “மருமகளோட ஏதாவது...?” என்று இழுத்தார். அதே வாக்கியத்தை அதே குரலில் இன்னொரு தரம் சொன்னேன், நெஞ்சு படபடவென்றுதான் அடித்தது. ரசம் வந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தன் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிள்ளைகள் யாரும் வர முடியாமல் போனதைச் சொல்ல ஆரம்பித்தார். பாவம், அவர் மனசில் இருந்தது அதுதான்.

எல்லாரிடமும் இப்படி இருக்கக்கூடாது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிள்ளைகள் பயத்தில் கேட்டால் உட்கார்ந்து பேசுங்கள். என் மகன் கேட்டது ராத்திரியில் எனக்கு ஏதாவது ஆனால் யார் வருவார்கள் என்று, அதனால் எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். நாம் ஒருவரைப் புண்படுத்தியிருந்தால் மன்னிப்புதான் கேட்க வேண்டும், அங்கே இந்த ஒற்றை வாக்கியம் ஆணவமாகிவிடும்.

அப்புறம் உயில். வெறும் வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. யாருக்கு ஏன் கொடுக்கிறோம் என்று பக்கம் பக்கமாக விளக்கச் சட்டம் கேட்கவில்லை. ஒரு பிள்ளையை அடியோடு விலக்குவதானால் மட்டும் ஒரு வரி காரணம் எழுதிவிடுங்கள், பின்னால் கோர்ட்டில் சந்தேகம் கிளப்ப இடம் குறையும்.

வாய் நின்றாலும் மனசுக்குள் வாதம் ஓடிக்கொண்டே இருக்கும், அது அடங்க மாசக்கணக்கில் ஆகும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நீளமாக டைப் செய்கிறீர்களா, அனுப்பாமல் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் காபி குடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். நான் அப்படி வைத்த எதையும் இதுவரை அனுப்பியதில்லை.