பள்ளியில் மதிய உணவு மணியை எப்போது அடிப்பது?

பாடவேளைகளையெல்லாம் நிரப்பிவிட்டு, மிச்சம் விழும் இடத்தில் சாப்பாட்டு இடைவேளையைச் செருகித்தான் பல பள்ளிகளில் கால அட்டவணை போடுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தை முதலில் முடிவு செய்து, பாடங்களை அதற்கு முன்னும் பின்னும் அடுக்குவதே சரி. தமிழ்நாட்டில் சத்துணவு மையம் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம்: 1 முதல் 5 வரை 130 பேர், 6 முதல் 8 வரை 110 பேர், ஆறு குழாய்கள்.

பிள்ளைகள் காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று கேட்பதில் தொடங்குங்கள். வகுப்பாசிரியர் வருகை எடுக்கும்போதே இரண்டு மூன்று நாள் கேட்டுக் குறித்தால் போதும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது. சின்னப் பிள்ளைகள் பள்ளியிலேயே எட்டரை மணி வாக்கில் சாப்பிட்டுவிடுகிறார்கள். பெரிய வகுப்பில் பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள் ஏழரை மணிக்கே சாப்பிட்டிருப்பார்கள், சிலர் வெறும் வயிற்றோடு கிளம்பியிருப்பார்கள். கடைசியாகச் சாப்பிட்டதிலிருந்து நாலு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஐந்து என்று வைத்துக்கொண்டால், இப்படிப்பட்ட பள்ளியில் 6 முதல் 8 வகுப்புகளை 12.20க்கும் தொடக்க வகுப்புகளை 12.30க்கும் அனுப்புவதே நியாயம். சின்னவர்கள்தான் முதலில் போக வேண்டும் என்ற பழக்கத்தை யோசிக்காமல் பின்பற்ற வேண்டாம்.

கடிகாரத்தில் ஒரு எல்லையை மட்டும் வகுத்தால் போதாது. அமெரிக்காவின் தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் காலை 10 முதல் பிற்பகல் 2க்குள் உணவு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த எல்லைக்கு உட்பட்டே அங்கே 11 மணிக்கு முன்பே மதியச் சாப்பாடு போடும் பள்ளிகள் உண்டு.

அடுத்து, இடைவேளை எவ்வளவு நீளம்? தட்டோடு உட்கார்ந்தபின் ஒரு பிள்ளைக்குக் குறைந்தது 20 நிமிடம் கிடைக்க வேண்டும். கை கழுவ ஆளுக்கு 30 விநாடி என்றால், 110 பேர் ஆறு குழாயில் கழுவி முடிக்க ஏறக்குறைய 10 நிமிடம். சோறு, குழம்பு, முட்டை வாங்க ஆளுக்கு 10 விநாடி. இரண்டு வரிசை போட்டால் அதே 10 நிமிடத்துக்குள் பரிமாறியும் முடியும். 12.30க்கு அடுத்த பிரிவு குழாய்க்கு வரும். 130 பேருக்கு 11 நிமிடம். முதல் பிரிவில் முதலில் உட்கார்ந்தவர் தட்டுக் கழுவ வருவது 12.41க்கு. அதனால்தான் இரண்டு பிரிவுக்கும் நடுவே பத்து நிமிடம். கால் மணி ஆக்கினால் தட்டுக் கழுவுபவர்களும் கை கழுவுபவர்களும் ஒரே குழாயில் முட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் மொத்தம் 50 நிமிடம் கொடுங்கள். கழிப்பறைக்கும் கொஞ்சம் விளையாட்டுக்கும் அதில் இடம் இருக்கும். சாப்பிடும் இடம் ஒரு பிரிவுக்குத்தான் போதும் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. முதல் பிரிவு எழுந்து, இடத்தைத் துடைத்தபின் அடுத்த மணி.

பாட நேரம் குறைந்துவிடுமே என்பார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரை ஆண்டுக்கு 200 நாளில் 800 மணி நேரமும், 6 முதல் 8 வரை 220 நாளில் 1000 மணி நேரமும் கற்பித்தல் வேண்டும் என்கிறது. நாளுக்குப் பிரித்தால் சின்னவர்களுக்கு 4 மணி நேரம், பெரியவர்களுக்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம். காலை 9.15 முதல் மாலை 4.10 வரை நடக்கும் பள்ளியில் 50 நிமிடச் சாப்பாடும் இரண்டு சிறு இடைவேளைகளும் போக இதற்குமேல் தாராளமாகவே மிஞ்சும்.

இனி அடுப்படி. மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 12.20க்குப் பரிமாற, 11.50க்கு ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்துப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு வருகைக் கணக்கு 10 மணிக்குள் சத்துணவு அமைப்பாளர் கையில் இருக்க வேண்டும். தலைக்குத் தொடக்க வகுப்பில் 100 கிராம், நடுநிலையில் 150 கிராம் அரிசி. எல்லோரும் சாப்பிட்டால் 29.5 கிலோ. கணக்கு அரை மணி தாமதமானால் உலை வைப்பதும் தள்ளிப்போகும். முட்டை உரிப்பதில்தான் நேரம் அதிகம் போகும் என்பதால், குழம்புக்கு முன்பே முட்டையை வேகப்போடச் சொல்லுங்கள். ரொம்ப முன்கூட்டியே சமைத்து முடிப்பதும் ஆபத்து. 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறிய சோற்றில் கிருமி பெருகும். சமைத்த உணவு சீக்கிரம் பரிமாறப்பட வேண்டும், இல்லையென்றால் சூடு இறங்காமல் மூடி வைக்கப்பட வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை தரும் நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை இருந்தால், தேர்வு நாளோ விழா நாளோ எதுவானாலும் அவர் சாப்பிடும் நேரம் மாறக் கூடாது. வகுப்பாசிரியருக்கும் பதிலாக வருபவருக்கும் இது எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவான நேரத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மணி அடித்தபின் பாடத்தை இழுப்பது, வீட்டுப்பாடம் எழுதாதவரைச் சாப்பாட்டு நேரத்தில் நிறுத்திவைப்பது, இரண்டையும் தடை செய்வதாகத் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருவர் கைக்கடிகாரத்தோடு நின்று வரிசையின் கடைசிப் பிள்ளையை மட்டும் கவனிக்கட்டும்: எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார்? 20 நிமிடத்துக்குக் குறைந்தால், முதலில் பரிமாறும் வரிசையை ஒன்று கூட்டுங்கள். அப்போதும் குறைந்தால் தடை குழாயில் இருக்கிறது; வாளியும் குவளையும் வைத்துக் கை கழுவ இன்னும் இரண்டு இடம் ஏற்படுத்துங்கள்.