பொன்னாடை முதல் சேப்பாக்கம் பாஸ் வரை: மக்கள் பிரதிநிதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு முந்தைய வாரம் சென்னையில் ஒரு கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஓரமாக ஒரு மேஜை, அதன்மேல் ஸ்வீட் பாக்ஸ்கள் அடுக்கியிருக்கும். அரைக் கிலோ மைசூர்பா டப்பாவில் பேனாவால் பெயர் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தெருக்காரர் யாராவது கொண்டுவந்து கொடுத்தது. வெல்வெட் துணி ஒட்டிய பெரிய பெட்டி என்றால் உள்ளே முந்திரி, பாதாம், நடுவில் ஒரு வெள்ளிக் காசு, மேலே விசிட்டிங் கார்டு. அந்தக் கார்டில் இருக்கும் பெயர் பில்டருடையதாக இருக்கலாம், ரோடு போடும் கான்ட்ராக்டருடையதாக இருக்கலாம், கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டுவதற்கு அனுமதி கேட்டுக் காத்திருக்கும் நிறுவனத்துடையதாக இருக்கலாம். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் அந்தக் கார்டைப் படியுங்கள் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

அடுத்த மாநகராட்சித் தேர்தலில் முதல் முறையாக ஜெயித்து ரிப்பன் மாளிகைக்குள் போகப்போகிறவர்களையும், அவர்கள் வீட்டாரையும், கூடவே இருக்கும் பி.ஏ.க்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 200 வார்டு இருக்கும் ஊர் இது. வாங்கிச் சேர்க்கலாம் என்ற எண்ணத்தோடு எல்லோரும் வருகிறார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று யாரும் அவர்களை உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஜெயித்த மறுநாளே மாலையும் சால்வையுமாக வாசலில் கூட்டம் நிற்கும், யோசிக்க நேரம் கிடைக்காது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, "வாங்கினேன், ஆனா பதிலுக்கு எதுவும் செஞ்சு கொடுக்கலையே" என்ற நினைப்பு. பதிலுக்கு ஒரு வேலை முடித்துக் கொடுத்தால்தான் லஞ்சம், இல்லாவிட்டால் அது அன்பளிப்பு என்று பலர் மனதாரவே நம்புகிறார்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ன் 11-வது பிரிவைப் படித்தால் அந்த நம்பிக்கை போய்விடும். உங்கள் அலுவலில் சம்பந்தப்பட்ட ஒருவரிடமிருந்து, அல்லது சம்பந்தப்படக்கூடும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து, விலை கொடுக்காமலோ போதாத விலை கொடுத்தோ எதையாவது வாங்கினால் அதுவே குற்றம், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. பதிலுக்கு என்ன செய்தீர்கள் என்று அங்கே கேள்வியே இல்லை. போதாத விலை என்பதைக் கவனியுங்கள், வார்டில் கட்டடம் எழுப்பும் பில்டர் உங்களுக்கு மட்டும் அடிமாட்டு விலைக்கு ஃபிளாட் தருகிறார் என்றால் அதுவும் இதில் வந்துவிடும்.

நான் அரசு ஊழியன் இல்லையே, தேர்ந்தெடுக்கப்பட்டவன்தானே என்று சொல்லித் தப்பவும் முடியாது. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இந்தச் சட்டத்தின் கீழ் பொது ஊழியர்களே என்று நரசிம்ம ராவ் வழக்கில் 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராஜஸ்தானைச் சேர்ந்த ஒரு நகராட்சி உறுப்பினரின் வழக்கில் 2013-ல் கவுன்சிலர்களுக்கும் அதுதான் என்று தீர்ப்பு வந்தது. சபையில் ஓட்டுப் போடவோ பேசவோ பணம் வாங்கினால்கூட அவை உரிமை காப்பாற்றாது என்று 2024 மார்ச்சில் 7 நீதிபதிகள் அமர்வு சொன்னது.

சிங்கப்பூரில் நடந்ததை இங்கே ஒவ்வொரு கவுன்சிலரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரனுக்கு 2024 அக்டோபர் 3 அன்று 12 மாதச் சிறை. வாங்கியது பெட்டி பெட்டியாகப் பணம் இல்லை. கார் பந்தய டிக்கெட், கால்பந்து டிக்கெட், இசை நாடக டிக்கெட், விஸ்கி பாட்டில்கள், ஒரு மடிப்பு சைக்கிள், தோஹாவுக்குத் தனி விமானப் பயணம், எல்லாம் சேர்த்து 4 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல். பெரும்பகுதியைக் கொடுத்தவர் பல வருடப் பழக்கம் உள்ள தொழிலதிபர், அந்தக் கார் பந்தயத்தை நடத்தும் உரிமை அவர் கையில் இருந்தது, அரசுத் தரப்பில் அந்தப் பந்தய விவகாரங்களைக் கவனித்தவர் ஈஸ்வரன். பதிலுக்குச் சலுகை காட்டினார் என்று நிரூபிக்க வேண்டிய தேவையே வரவில்லை. தண்டனை கொடுத்தது அந்த நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 165-வது பிரிவு, அது நம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 165-லிருந்து போனது, அதே 165-தான் இங்கே இப்போது நான் மேலே சொன்ன 11-வது பிரிவாக இருக்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டது 6 முதல் 7 மாதம். நீதிபதி அதைவிட அதிகமாகக் கொடுத்தார், அரசு நிறுவனங்கள்மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை இது கெடுக்கிறது என்பதை முக்கியமான காரணமாகச் சொன்னார்.

அப்புறம், காசு கைமாறினால்தான் கணக்கு, சாப்பாடும் டிக்கெட்டும் கணக்கில் வராது என்று நினைப்பது. சட்டத்தில் ஆதாயம் என்பது பணத்தோடு நிற்கவில்லை, பணமாக மதிப்பிட முடியாததும் அதில் அடங்கும். ஐ.பி.எல். சீசனில் சேப்பாக்கம் பாஸுக்கு இந்த ஊரில் என்ன மவுசு என்று சொல்லத் தேவையில்லை. மாலை மேட்சுக்குக் குடும்பத்தோடு ஏ.சி. பாக்ஸில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புகிறவர், ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் ரெண்டு நாள் ரூம் போட்டுக் கொடுக்கிறவர், உங்கள்மேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறார் என்றால் நீங்கள் தேர்தலில் நிற்பதற்கு முன்னாடியும் செய்திருப்பார். செய்தாரா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு டீ குடித்தால்கூடவா தப்பு என்று கேட்பார்கள். தப்பில்லை. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கான 1968-ம் வருட நடத்தை விதிகளே எப்போதோ ஒரு வேளை சாப்பாட்டையும், வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விடுவதையும் பரிசாகக் கருதுவதில்லை. ஆனால் அலுவல் தொடர்புள்ளவரிடம் ஆடம்பர விருந்தோ அடிக்கடி விருந்தோ கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. மாநிலங்களவை உறுப்பினர்களுக்கான நெறிமுறையிலும் விலை குறைந்த நினைவுப் பொருள், வழக்கமான உபசாரம் இவற்றுக்கு இடம் உண்டு. கவுன்சிலர்களும் இந்த அளவையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வெளிநாட்டுப் பயணம் தனி விஷயம், இதில் தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம் இருக்க முடியும் என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் பதிவான ஒரு தமிழ்ச் சங்கம் விழாவுக்குக் கூப்பிடுகிறது, டிக்கெட்டும் தங்கும் செலவும் அவர்களுடையது, பேசிவிட்டு வரலாம் என்று கிளம்பிவிடுவீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன் 6-வது பிரிவுப்படி, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அந்த உபசாரத்தை ஏற்கக் கூடாது. இது எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள், அந்தச் சட்டத்தில் மாநகராட்சி, ஊராட்சி உறுப்பினர்களும் கட்சி நிர்வாகிகளும் வருகிறார்கள். போன இடத்தில் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போய் மருத்துவ உதவி பெற்றால் மட்டும் விலக்கு, அதையும் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

பிறந்தநாள், வீட்டுக் கல்யாணம், காதுகுத்து. "தொண்டர்கள் அன்பாகக் கொடுத்தது, வேண்டாம்னு எப்படிச் சொல்றது" என்று இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், அந்தத் தடுமாற்றம் எனக்குப் புரிகிறது, நம் ஊரில் நீட்டிய கையைத் தள்ளினால் அவமானப்படுத்தியதாகிவிடும். ஆனால் இந்த வாதம் நாட்டின் பெரிய நீதிமன்றம் வரை போய்த் தோற்றுவிட்டது. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில், 1992 பிறந்தநாளுக்கு வந்த அன்பளிப்பு என்று 2 கோடி ரூபாய்க்கு மேல் வருமானமாகக் காட்டப்பட்டது. 2017 பிப்ரவரி 14 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, பொது ஊழியருக்கு வந்த அந்தப் பரிசுகள் சட்டப்படி தடை செய்யப்பட்டவை, சட்டபூர்வமான வருமானமாகக் காட்ட முடியாது என்றது. அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டதால் அவர்மீதான வழக்கு அற்றுப்போனது, மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள். வருமான வரித் துறையில் கணக்குக் காட்டியாயிற்று என்பதும் அங்கே முழுப் பாதுகாப்பாக ஏற்கப்படவில்லை. வரி கட்டிய ரசீது இருந்தால் போதும் என்று ஆடிட்டர் சொன்னால் இந்தத் தீர்ப்பை அவரிடம் காட்டுங்கள்.

மொய்க் கவரும் அப்படித்தான். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் பரிசாக வந்தால் அது வரிக்குரிய வருமானம், கல்யாணப் பரிசுக்கு உள்ள விலக்கு கல்யாணம் செய்துகொள்பவருக்குத்தான், அப்பா அம்மாவுக்குக் கிடையாது. வரியை விடுங்கள், வார்டில் மழைநீர் வடிகால் வேலை எடுத்திருக்கும் கான்ட்ராக்டர் உங்கள் மகள் கல்யாணத்தில் பந்திச் செலவை ஏற்றுக்கொண்டார் என்று வையுங்கள். மண்டபத்தில் ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். நவம்பர் கடைசியில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது நீங்கள் வந்து, பக்கத்துத் தெருவில் மின்வாரியக் கேபிள் குறுக்கே வந்ததால் இணைப்பு தாமதமாகிவிட்டது என்று சொல்வீர்கள். அது நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் தண்ணீரில் நின்று கேட்பவர்களுக்கு அந்தப் பந்திதான் ஞாபகத்துக்கு வரும், ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். உங்கள் மனசு சுத்தமா இல்லையா என்று பார்க்க அவர்களுக்கு வேறு வழி இல்லை, யார் உங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறார்கள் என்பதைத்தான் அவர்களால் பார்க்க முடியும். நம்பிக்கை போன பிறகு நீங்கள் செய்யும் நல்ல வேலைக்கும் உள்நோக்கம் கற்பிப்பார்கள், அதில் நஷ்டப்படுவது வார்டுதான்.

நான் வாங்கவில்லை, மச்சான் வாங்கினான், பி.ஏ. வாங்கினார் என்பதும் எடுபடாது. யாருக்காக வாங்கினாலும், யார் மூலமாக வாங்கினாலும் ஒன்றுதான் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-வது பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. பதவி ஏற்ற அன்றே வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

பிரச்சினை வந்த பிறகு காசைக் கட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு, அதை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நிலைமை இன்னும் மோசமாகலாம். தோஹாவிலிருந்து திரும்பி வந்த விமான டிக்கெட்டுக்கு ஈஸ்வரன் பல மாதம் கழித்து 5,700 சிங்கப்பூர் டாலர் கட்டினார். அந்தப் பயண ஆவணங்கள் விசாரணை அதிகாரிகள் கையில் சிக்கிய பிறகு பில் போடச் சொல்லிக் கட்டியது அது, அதனால் நீதிக்கு இடையூறு செய்த குற்றமும் சேர்ந்துகொண்டது. பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மர் 2024-ல் 6,000 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள பரிசுகளுக்குப் பணம் திருப்பிக் கட்டினார், பேர் கெட்டது, ஆனால் வழக்கு வரவில்லை. அங்கே எம்.பி.க்கள் 300 பவுண்டுக்கு மேல் பரிசோ உபசாரமோ பெற்றால் பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும், யார் கொடுத்தார், எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கேள்வி கேட்கவும் அவர் பதில் சொல்லவும் முடிந்தது அதனால்தான்.

அப்படி ஒரு நோட்டை வார்டு அலுவலகத்தில் வைக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை. தேதி, கொடுத்தவர் பெயர், அவருக்கு வார்டில் என்ன வேலை நடக்கிறது, பொருள் என்ன, திருப்பி அனுப்பியதா இல்லையா, இவ்வளவுதான். யார் கேட்டாலும் காட்டுங்கள். திருப்பி அனுப்பும்போது ஆளிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பாமல் நாலு வரிக் கடிதம் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சால்வை தவிர்க்க முடியவில்லை என்றால் புத்தகம் கேளுங்கள், 2017-ல் மு.க. ஸ்டாலின் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று கட்சிக்காரர்களிடம் சொன்னார், வந்தவை நூலகங்களுக்குப் போயின. எந்தக் கட்சிக்காரரும் பின்பற்றக்கூடிய நல்ல வழி அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023-ல்தான் மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வந்தது. சென்னையில் ஒரு வார்டைக் காலை முதல் இரவு வரை கவனிக்கிறவருக்கு அது அலுவலக வாடகைக்கே போதாது. வாங்குவதற்கு இது நியாயம் ஆகாது, ஆனால் கை சுத்தமாக இருப்பவர் குடும்பத்தை ஓட்ட வேண்டும் என்றால் இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லி நாமும் கேட்க வேண்டும்.

கொடுக்கிற பக்கம் நிற்பவர்களுக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு, வாங்குகிறவருக்குத்தான் தண்டனை என்று. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் 8-வது பிரிவில் நேரடிக் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. வேறு வழியில்லாமல் கட்டாயத்தில் கொடுத்திருந்தால் 7 நாட்களுக்குள் போலீஸிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ தெரிவித்துவிட வேண்டும், தெரிவித்தால் உங்கள்மீது குற்றம் இல்லை. கொடுப்பதற்கு முன்பே ஆலந்தூரில் இருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைத் தலைமையகத்தில் போய்ச் சொல்லி, அவர்கள் பவுடர் தடவித் தரும் ரூபாய் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதுவும் குற்றமாகாது.