ஜப்பானின் மலையடி ஒன்சென் விடுதியில் முதல் இரவு: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஜப்பானுக்குப் போகும் நம்மவர்களில் பலர் டோக்கியோவையும் கியோத்தோவையும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலைக்காட்டுக்குள் வெந்நீர் ஊற்றை ஒட்டி இருக்கும் ரியோகான் என்ற மரபு விடுதிகளை, "மொழி தெரியாதே, உடையில்லாமல் குளிக்க வேண்டுமாமே" என்ற தயக்கத்தில் தவிர்த்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். எந்த ஊர் ரியோகானாக இருந்தாலும் ஒரு நாள் நகரும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வரிசை தெரிந்தால் போதும். வடக்கே அகிதா மாகாணத்தில் இருக்கும் நியூதோ ஒன்செனை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஊற்றுநீர்க் குளியலை ஒன்சென் என்கிறார்கள்.

படி 1: விடுதியைத் தேர்ந்தெடுத்தல்

1948ஆம் ஆண்டின் ஒன்சென் சட்டப்படி, ஊற்றிலிருந்து வரும் நீர் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமாவது இருக்க வேண்டும். அல்லது சட்டம் பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவில் கலந்திருக்க வேண்டும். ஒன்சென் என்று பெயர் வைக்க இவ்வளவு போதும். எனவே வெறும் "ஒன்சென்" என்ற பெயரை மட்டும் நம்பி முன்பதிவு செய்யாதீர்கள். நீரை வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுழற்றும் விடுதிகளும் உண்டு. விடுதி விவரத்தில் "கென்சென் ககேநகாஷி" என்று இருக்கிறதா பாருங்கள். ஊற்றுநீர் தொட்டியில் விழுந்து, நிரம்பி, வழிந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

நியூதோவில் காட்டுக்குள் ஏழு விடுதிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பழையது த்சுருநோயு. கூரை வேய்ந்த நீண்ட வீடு, பால்போல் வெளுத்த நீர். முன்பதிவு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் சில மாதங்களுக்கு முன்பே பாருங்கள். குரோயு என்ற விடுதி பனிக்காலத்தில் மூடியிருக்கும்.

கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரவு உணவும் காலை உணவும் அதில் சேர்ந்திருக்கும். பணத்தை மிச்சப்படுத்த உணவில்லாத அறையை எடுக்க வேண்டாம். இரவில் அந்த மலையில் வேறு எங்கே போய்ச் சாப்பிடுவீர்கள்?

சைவ உணவு மட்டும் உண்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். இறைச்சியும் மீன் துண்டும் இல்லாத குழம்பிலும் காய்ந்த சூரை மீனின் சாறு கலந்திருக்கும். "மீன் சாறும் கூடாது" என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். முடியாது என்று விடுதி சொன்னால் வருத்தப்படாமல் வேறிடம் தேடுங்கள். ஒசாகாவுக்குத் தெற்கே இருக்கும் கோயாசான் மலையில் பௌத்தக் கோயில்களே தங்குமிடம் நடத்துகின்றன. அங்கே மரபாகவே புலால் இல்லாத சமையல்தான். அவற்றில் ஃபுகுச்சி-இன் கோயிலில் ஒன்சென் குளியலும் இருக்கிறது. சைவக் குடும்பங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

பிறர் முன்னால் உடையின்றிக் குளிக்கக் கூச்சமாக இருந்தால் "காஷிகிரி" குளியல் உண்டா என்று கேளுங்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, உங்கள் குடும்பம் மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்குப் பயன்படுத்தும் தொட்டி அது. பச்சை குத்தியிருப்பவர்களும் முன்கூட்டியே கேட்பது நல்லது. சில இடங்களில் பொதுக் குளியலுக்கு அனுமதி கிடைக்காது.

படி 2: போய்ச் சேர்தல்

டோக்கியோவிலிருந்து கொமாச்சி ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் தசாவாகோ நிலையத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். எல்லா இருக்கைகளும் முன்பதிவு இருக்கைகள்தான். அங்கிருந்து மலையேறும் பஸ். த்சுருநோயுவுக்குப் போகிறவர்கள் ஆல்பா கொமாகுசா நிறுத்தத்தில் இறங்கினால் விடுதி வண்டி வரும். அதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். பெரிய பெட்டியை நகர ஹோட்டலிலிருந்து அடுத்த ஊர் ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு, ஒரு சிறிய பையோடு மலையேறுங்கள். பாஸ்போர்ட்டும் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

பிற்பகல் மூன்று மணிக்கே போய்விடுங்கள். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு இருட்டியபின் வந்து படுப்பதற்கான இடம் அல்ல இது. விடுதிதான் அன்றைய ஊர். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அறைக்குள்

வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொள்ளுங்கள். ததாமி என்ற கோரைப்பாய்த் தரை தொடங்கும் இடத்தில் அந்தச் செருப்பையும் கழற்ற வேண்டும். கழிவறைக்கு வேறு செருப்பு வைத்திருப்பார்கள். அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சுவரோரம் மலரோ சித்திரமோ வைத்த மாடம் இருந்தால் அதில் பெட்டியை வைக்காதீர்கள்.

மேசைமேல் தேநீரும் இனிப்பும் இருக்கும். சாப்பிடுங்கள், வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கக்கூடாது. பிறகு யுகாதா என்ற பருத்தி அங்கியை உடுத்துங்கள். இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

படி 4: குளியல்

வாசல் திரையில் ஆண், பெண் என்று ஜப்பானிய எழுத்தில்தான் இருக்கும். எழுத்தின் மேற்பாதியில் நான்கு கட்டமாகப் பிரிந்த சதுரம் இருந்தால் ஆண்கள் பகுதி. பல விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் இடையே பகுதிகளை மாற்றுவார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்தே நுழையுங்கள்.

உடை மாற்றும் அறையில் எல்லாவற்றையும் கூடையில் கழற்றி வையுங்கள். வெள்ளிக் கொலுசு, மெட்டி, மோதிரம் இருந்தால் அவற்றை முன்பே கழற்றி அறையில் பத்திரப்படுத்துங்கள். கந்தக நீர் வெள்ளியைக் கறுக்கச் செய்துவிடும். கையில் சிறு துண்டு மட்டும் போதும்.

முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு முழு உடம்பையும் கழுவுங்கள். தலையில் எண்ணெய் இருந்தால் ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். நின்றபடி குளித்தால் தண்ணீர் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும். நுரை ஒரு துளியும் இல்லாமல் போன பிறகு, நீண்ட கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொண்டு, தொட்டி நீரைச் சிறு வாளியால் காலிலிருந்து மேல்நோக்கி ஊற்றி உடம்பைப் பழக்குங்கள்.

பிறகு மெதுவாக இறங்குங்கள். நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி இருக்கும். முதல் தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். துண்டு நீரில் படக்கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். எழும்போது சட்டென்று எழாதீர்கள், தலை சுற்றும். கரையில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு மறுபடி இறங்குவதுதான் நல்ல முறை. இதயநோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போங்கள். மது அருந்திவிட்டு யாரும் இறங்க வேண்டாம்.

த்சுருநோயுவின் புகழ்பெற்ற திறந்தவெளிக் குளம் ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிப்பது. வெண்ணிற நீர் உடம்பை மறைத்துவிடும். பெண்களுக்கெனத் தனித் திறந்தவெளிக் குளமும் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதில்லை, விருப்பம்போல் செய்யுங்கள்.

வெளியே வந்ததும் நிறையத் தண்ணீர் குடியுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளின் அசதி போல ஒன்று உடம்பில் இறங்கும். அதற்கு இடம் கொடுத்துக் கொஞ்சம் படுங்கள்.

படி 5: இரவும் காலையும்

இரவு உணவு ஆறு, ஆறரைக்கே. தாமதிக்காதீர்கள், ஒவ்வொரு பதார்த்தமும் நேரம் கணக்கிட்டுச் சமைக்கப்படுகிறது. த்சுருநோயுவில் மலைக்கிழங்கை அரைத்து உருட்டி மிசோ என்ற புளித்த சோயா விழுதில் கொதிக்கவைத்த குழம்பு சிறப்பு. நீங்கள் சாப்பிடும் நேரத்தில் பல விடுதிகளில் அறையில் மெத்தை விரித்துவிடுவார்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

படுக்கும் முன் ஒரு முறையும் விடியற்காலையில் ஒரு முறையும் குளியுங்கள். இரவில் எந்நேரம்வரை திறந்திருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் விடியற்காலைக் குளியலைத் தவறவிடவே கூடாது. அந்த நேரத்தில் கூட்டம் குறைவு, காற்று குளிர்ந்திருக்கும், அதனால் அதிக நேரம் நீரில் இருக்க முடியும்.

பனிக்காலத்தில் போனால் ஓர் எச்சரிக்கை. ஊற்றுகளின் அருகே கயிறு கட்டித் தடுத்த இடங்களுக்குள் கால் வைக்காதீர்கள். 2005 டிசம்பரில் அகிதாவின் தோரோயு ஒன்செனில், பனிக்குழியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் இறந்தார்கள். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் காலை பத்து மணி. பில்லில் குளியல் வரி என்று ஒரு சிறு தொகை சேர்ந்திருக்கும். பல ஊர்களில் அது ஆளுக்கு 150 யென். மலை பஸ் அடிக்கடி வராது. எனவே முந்தைய இரவே வரவேற்பறையில் நேர அட்டவணையைப் பார்த்து, எந்த பஸ்ஸில் மலையிறங்குகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நிறுத்தம்வரை கொண்டுபோய் விடும் வண்டியை அதற்கேற்ப ஏற்பாடு செய்வார்கள்.